கிற்றார் மாஸ்ரரை விசாரித்த விதம்

1. மகளின் போன்

கிளிநொச்சியில் வீடு வீடாகப் போய்க் கிற்றார் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. ஸ்ட்ரிங் அறுந்த கதை, கிற்றாருக்குள் பல்லி குடியிருந்த கதை என்று பல உண்டு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. ஒரு மாணவியின் வகுப்பு, தொடங்க முன்பே நின்றுபோகப் பார்த்த கதை அது. அதில் என் பிழையும் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் சொந்த ஊரான பூவரசங்குளத்திலிருந்து மகள் வதனி போன் எடுத்தாள்.

“அப்பா, அவா ஆர்?”

“எவா?”

“எனக்கு ஒளிக்காதேங்கோ. நேற்று ஒருத்தர் வந்து சந்திக் கடையிலை உங்களைப் பற்றி விசாரிச்சவராம். குடிக்கிறவரோ, கோவக்காரரோ, அம்மா என்ன வருத்தத்திலை மோசம் போனவா, பிள்ளையள் என்ன செய்யினம் எண்டெல்லாம் கேட்டவராம். தன்ரை அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கிறாராம்.”

மனைவி இறந்து ஒன்பது வருடம். எனக்கு அறுபத்திரண்டு வயது. சத்தியமாக ஒன்றும் தெரியாது என்றேன். நீங்கள் சேட்டை அயன் பண்ணிப் போடத் தொடங்கினபோதே யோசித்தேன் என்று சொல்லி அவள் போனை வைத்துவிட்டாள்.

2. தவராசா செய்த வேலை

நடந்தது இதுதான். வட்டக்கச்சியில் சிவமலர் ரீச்சர் என்று ஒருவர். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர், கலியாணம் கட்டவில்லை, தம்பி தவராசாவின் குடும்பத்தோடு இருக்கிறார். கோயில் திருவிழாவில் எங்கள் இசைக்குழு வாசித்ததைப் பார்த்துவிட்டு, அந்தக் கிற்றார்காரரைத் தனக்கு மாஸ்ரராகப் பிடித்துத் தரும்படி தம்பியிடம் கேட்டிருக்கிறார்.

தவராசா வயல்காரர். வீட்டுக்குள் ஒரு ஆம்பிளை வந்து போவதென்றால் பூர்வீகம் விசாரிக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இரண்டு தங்கைமாருக்கு மாப்பிள்ளை விசாரித்த அனுபவமும் கையில் இருந்தது. அதே கேள்விகளோடு பஸ் ஏறிவிட்டார். ஆனால் ஐம்பத்தெட்டு வயது அக்கா கிற்றார் பழகப் போகிறா என்று வெளியில் சொல்ல மனிதருக்கு வெட்கம். கடைக்காரர் “கலியாண விசயமோ?” என்று கேட்டபோது ஓம் என்று சொல்லியிருக்கிறார். கலியாணம் என்றால் ஊர் வாழ்த்தும், கிற்றார் என்றால் சிரிக்கும். அவர் போட்ட கணக்கு அது. வீட்டிலும் மனைவி, மாமியார் எல்லோருக்கும் அதையே சொல்லிவைத்தார். அக்காவிடம் மட்டும் மாஸ்ரர் வருகிறார் என்றார்.

எனக்கும் போன் எடுத்தார்.

“சேர், அக்கான்ரை விசயமா ஒருக்காக் கதைக்க வேணும். வியாழக்கிழமை நல்ல நாள். வீட்டை வாங்கோ.”

என்ன விசயம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மகள் சொன்ன அந்தக் கலியாணப் பேச்சுத்தான் என்று நினைத்து, மரியாதையாக மறுத்துவிட்டு வருவோம் என்றுதான் கிளம்பினேன். மறுக்கப் போகிறவன் எதற்கு முதல்நாளே தலைமயிர் வெட்டினான் என்று கேட்காதீர்கள். ஒன்பது வருடம் ஒரே பருப்பைக் காய்ச்சித் தின்றால் உங்களுக்கும் விளங்கும்.

3. பலகாரத் தட்டு

வதனி என்னைத் தனியே விடவில்லை. காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். பின்னேரம் டவுனில் ஒரு வகுப்பு இருந்ததால் கிற்றாரை முதுகில் போட்டுக்கொண்டு, அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வீட்டு விறாந்தையில் புதுச் சீலை விரித்த கதிரைகள். முறுக்கு, பயித்தம் பணியாரம், கதலிப்பழம். ஒரு பத்துப் பேர் இருந்து என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். தவராசாவுக்கு மட்டும் வியர்த்து வழிந்தது. அவருடைய மாமியார் கேட்டார்:

“தம்பி, பல்லெல்லாம் சொந்தப் பல்லோ?”

ஓம் என்றேன். அதற்குள் சிவமலர் ரீச்சர் வெளியே வந்தார். கையில் ஒரு கொப்பி, கூராக்கின பென்சில். இவ்வளவு சனம் ஏன் என்று தம்பியைப் பார்த்தார். தம்பி தேத்தண்ணியைப் பார்த்தார்.

வதனிக்குப் பொறுமை போய்விட்டது. நாகரிகமாகத்தான் கேட்டாள்.

“ரீச்சர், எங்கடை அப்பாவிட்டை உங்களுக்கு என்ன விருப்பம்?”

“எஃப் கோட்,” என்றார் ரீச்சர்.

கோட் என்றால் கிற்றாரில் பல சுரங்களை ஒன்றாக எழுப்பும் விரல்பிடி. அங்கே எனக்கும் அவருக்கும் மட்டும்தான் அது விளங்கியது.

“அண்டைக்குத் திருவிழாவிலை பாத்தனான். ஒரு விரலை ஆறு ஸ்ட்ரிங்குக்கும் குறுக்காலை வைச்சு அமத்தினவர். ஆறும் கேட்டது. எனக்கு அது வேணும். சேர், வகுப்பு எந்தெந்த நாளிலை?”

வதனியின் முகம் தெளிந்தது. சொல்ல வெட்கம்தான், எனக்கு மனம் விழுந்துபோனது. மறுக்கப் போனவனை மறுத்துவிட்டார்கள்.

தவராசா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். “ஆக்கள் வந்தாப்பிறகு பாத்துக்கொள்ளலாம் எண்டு நினைச்சன் அக்கா.” மாமியாருக்குத்தான் கோபம்.

“கிற்றாரோ? இந்த வயசிலையோ? கலியாணமெண்டாலும் பரவாயில்லை. இனி இந்த மனுசன் கிழமைக்குக் கிழமை இஞ்சை வந்தால் ஊர் என்ன சொல்லும்? வகுப்பும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

மற்றவர்களும் தலையாட்டினார்கள். வகுப்பு அந்த இடத்தில் முடிந்துவிட்டது என்று நினைத்து நான் எழுந்தேன். ரீச்சர் எழும்பவில்லை.

“நான் கலியாணம் கட்டுறனெண்டு பலகாரம் சுட்டியள். கோட் பழகிறனெண்டால் சுடமாட்டியளோ? சேர், இருங்கோ. கிற்றாரைத் தாங்கோ. எல்லாரும் இருக்கேக்கையே தொடங்குவம், பிறகு ஒருத்தரும் ஒண்டும் விசாரிக்கத் தேவையில்லை.”

புதிதாகத் தொடங்குகிறவருக்கு எஃப் கோட் கொடுக்கக் கூடாது, அது எங்கள் தொழிலில் பாலபாடம். அதைவிடச் சுலபமான ஈ மைனரில் தொடங்குவோம் என்றேன். கேட்கவில்லை. விரலை வைத்து அடித்தார். பலகையில் தட்டின சத்தம்தான் வந்தது. திரும்பத் திரும்ப அடித்தார். சனம் முறுக்கைத் தின்று முடித்துவிட்டு ஒவ்வொருவராகப் போய்விட்டது. மாமியார் கடைசிவரை இருந்தார். ரீச்சரின் விரல் சிவந்தபோது இரண்டு ஸ்ட்ரிங் மட்டும் கேட்டது.

“ரெண்டு வந்திட்டுது, இன்னும் நாலு,” என்று கொப்பியில் எழுதினார்.

4. கேட்காமல் விட்டது

தம்பி ஊரெல்லாம் விசாரித்தார். மகள் என்னை விசாரித்தாள். மாமியார் என் பல்லை விசாரித்தார். நான் என் மனதைக்கூட விசாரித்தேன். படிக்கப் போகிறவரிடம், பலகாரம் சுட்டு முடியும்வரை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, யார் போன் எடுத்தாலும், “பழகப் போறவரோடை கதைக்கலாமோ?” என்று முதலில் கேளுங்கள்.

நான் கேட்க ஏழு மாதம் எடுத்தது. அதற்குள் ரீச்சர் ஐந்து ஸ்ட்ரிங் வரை வந்திருந்தார். எத்தனையோ சுலபமான கோட் இருக்க ஏன் இதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்றேன்.

“முப்பது வருசம் மற்றாக்களின்ரை பிழையைத் திருத்தினனான் சேர். கரும்பலகையிலை நான் ஒரு பிழை விட்டால் வகுப்பே சிரிக்கும். வீட்டிலையும் மூத்தவள் பிழை விடக்கூடாது. எனக்கும் ஆறுதலா இருந்து பிழை விட ஒரு இடம் வேணும்.”

திரும்ப ஒருக்கா அடியுங்கோ என்றேன். அடித்தார். பிழையாகத்தான் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே விரலை எடுத்துத் திரும்ப வைத்தார்.