இருபது லிட்டருக்கு ஒரு கையெழுத்து

புயல் அடித்த நான்காம் நாள், வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குத் தஞ்சாவூர் ஸ்டேஷனில் இறங்கினேன். மாயவரம் பக்கம் தண்டவாளம் தண்ணீருக்குள் இருக்கிறது என்று சொல்லி, சென்னை ரயிலை விழுப்புரத்தில் திருப்பி, திருச்சி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பையில் நான்கு பாக்கெட் மெழுகுவர்த்தி, ஒரு டஜன் தீப்பெட்டி, அரைக் கிலோ காபித்தூள், அண்ணனுக்கு ஒரு வேட்டி. அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலேதான் வேட்டி வாங்கினேன். நான் கொடுத்த இரண்டு தந்திகளுக்கும் பதில் இல்லை. மன்னார்குடிக்குத் தெற்கே தந்திக் கம்பங்களே நிற்கவில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஆறு அம்பாசடர்கள் சும்மா நின்றன. மன்னார்குடி இங்கிருந்து முப்பத்தேழு கிலோமீட்டர். வழக்கமாக ஐம்பது ரூபாய் வாங்குவார்கள். முதல் வண்டிக்காரர் கூசாமல் நூற்றைம்பது என்றார்.

"என்னங்க இது, அநியாயமா இருக்கே?"

"அநியாயந்தாம்மா, இல்லேங்கல. பெட்ரோல் பாட்டில் பத்து ரூவா விக்குது. அதுக்கும் பாட்டில நாமதான் கொண்டு போவணும். போற வழியில மரம் கெடந்தா திரும்பி வரணும், அதுக்கு வேற எண்ணெய் ஆவும்."

பங்கில் லிட்டர் மூன்றரை ரூபாய்ச் சொச்சம். ஆனால் பங்கில் பலகைதான் இருந்தது, பெட்ரோல் இல்லை. டேங்கர் லாரிகள் வரவேண்டிய பாலம் ஒன்று உட்கார்ந்துவிட்டதாம். எதிரே டீக்கடையில் முப்பது காசு டீயை அறுபது காசுக்கு விற்றார்கள். விறகு நனைந்துவிட்டதால் சீமெண்ணெய் ஸ்டவ்வில் போடுகிறோம் என்றார் கடைக்காரர். அந்த டீயில் சர்க்கரைக்குச் சமமாகச் சீமெண்ணெய் வாசனை இருந்தது. இரண்டு கிளாஸ் குடித்தேன்.

காலை ஏழு நாற்பதுக்கு ஒரே ஒரு பஸ் கிளம்பியது. "டீசல் இருக்கிற வரைக்கும் மன்னார்குடி. இல்லேன்னா வடுவூர். டிக்கெட் மன்னார்குடிக்குத்தான்!" என்று கண்டக்டர் அறிவித்தார். ஒருவரும் இறங்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாபநாசத்து அம்மாள் மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பாட்டில்கள் இடித்துக்கொண்டன.

"மகளுக்கு ஏழாம் மாசம். வளகாப்புக்கு ஏழு வகை சோறு கட்டிக்கிட்டுப் போவணும். இப்ப ஏழு பாட்டில் சீமெண்ணெய் கொண்டு போறேன். நாளு தள்ளாதேன்னு சம்பந்தி வீட்ல சொல்லிட்டாங்க. வெளக்கில்லாம எப்படி வளையல் அடுக்குறது?" என்றார். பாட்டில் நான்கு ரூபாய் கொடுத்து வாங்கினாராம்.

இந்தப் பேச்சைக் கேட்டதும் முன்சீட்டுக்காரர் வாயிலிருந்த பீடியைப் பஸ்ஸே சேர்ந்து பிடுங்கி வெளியே எறிந்தது. கண்டக்டர் பையை இறக்கச் சொன்னார். "நீ ஒரு கர்ப்பிணிப் பொண்ணுக்கு வெளிச்சம் போவக் கூடாதுங்கிறியா?" என்று அந்த அம்மாள் கேட்டதும் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். இந்தப் பக்கத்துப் பெண்களிடம் வாய் கொடுத்து ஜெயித்த கண்டக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

வழியெல்லாம் வயல் எது, குளம் எது, சாலை எது என்று பிரித்துச் சொல்ல முடியாத தண்ணீர். கட்சி இரண்டானதிலிருந்து இந்த ஜில்லாவில் சுவருக்குத்தான் பஞ்சம். ஒரு பக்கம் சூரியன் என்றால் மறுபக்கம் இலை. புயல் இரண்டு பக்கத்துச் சுவரையும் பாரபட்சமில்லாமல் சாய்த்திருந்தது. சேரிகளின் முகப்பில் நட்டிருந்த செங்கொடிக் கம்பங்கள் மட்டும் பல இடங்களில் வளைந்து நின்றன. பத்து மணிக்கு மன்னார்குடி வந்து சேர்ந்தோம். கடைசி இரண்டு கிலோமீட்டரை டிரைவர் இறக்கத்தில் எஞ்சினை அணைத்து அணைத்தே ஓட்டினார். இறக்கமே இல்லாத இந்த ஊரில் அவருக்கு இறக்கம் எங்கே கிடைத்ததோ தெரியாது.

அண்ணன் இருக்கும் ஊர் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். மூன்று ரூபாய் வாங்கும் மாட்டு வண்டிக்காரர் எட்டு கேட்டார்.

"மாட்டுக்கும் டீசல் ஊத்துறீங்களா?" என்றேன்.

"டீசல் இல்லாததாலதாம்மா மாட்டுக்கு மரியாத வந்திருக்கு. இன்னும் பத்து நாளைக்குத்தான். அதுக்கப்புறம் எங்கள யாரு கேப்பா? ஏறுங்க," என்றார். ஏறிவிட்டேன்.

பகல் ஒரு மணிக்கு அண்ணனைப் பார்த்தேன். உயிரோடு, முழங்கால் தண்ணீரில், வாயில் வசவோடு இருந்தார். எனக்கு அழுகை வந்தது. "எதுக்கு வந்தே? வர வழி இருந்துச்சா? சாப்பிட்டியா?" என்று மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பெயர் கலியபெருமாள். கோபத்தில் ஊரில் இரண்டாமவர். முதலாமவர் எங்கள் அப்பா, இப்போது இல்லை.

நிலவரம் இதுதான். அண்ணனுக்கு மொத்தம் ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர். மேட்டில் இருக்கும் ஐந்து மாவை அவரே சாகுபடி செய்கிறார். பள்ளத்தில், வடிகாலை ஒட்டி இருக்கும் நான்கு மாவைப் பத்து வருடமாகக் குத்தகைக்குச் செய்கிறவர் சிங்காரவேலு. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யலாம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்ததும் சிங்காரவேலு மனுப் போட்டார். அண்ணன், "அவன் குத்தகைக்காரனே இல்ல, கூலிக்குச் செய்யற ஆளு" என்று எதிர்மனுப் போட்டார். மூன்று வருடமாக வழக்கு நடக்கிறது. வரப்பில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் இரண்டு பக்கத்து வயலில் இறங்கி நடப்பார்கள்.

ஒன்பது மாவிலும் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. நுனி மட்டும் அங்கங்கே தெரிந்தது. ஆறேழு நாள் தாண்டினால் அழுகிவிடும். இது நான்காம் நாள். ஒரு சாண் தண்ணீர் இறங்கினால் போதும், பயிர் மூச்சுவிட்டுக்கொள்ளும். வடிகால் கரை தட்டி ஓடுவதால் தண்ணீர் தானாக வடியாது. எஞ்சின் வைத்துக் கரைக்கு மேலே தூக்கி ஊற்ற வேண்டும். அண்ணனிடம் எஞ்சின் இருந்தது. டீசல் இல்லை.

"சீட்டுக்கு இருவது லிட்டர் குடுத்தாங்களே, அது எங்கேன்னு உங்க அண்ணன கேளு," என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்து.

தாசில்தார் ஆபீசில், சாகுபடி செய்கிறவருக்கு ஆளுக்கு இருபது லிட்டர் என்று சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். லிட்டர் ஒன்று நாற்பது. அதே டீசல் வெளியில் ஆறு ரூபாய் கொடுத்தாலும் கிடைக்கவில்லை. அண்ணன் தம் சீட்டுக்கு வாங்கி வந்த இருபது லிட்டரையும் முந்தின நாளே எரித்துவிட்டார். எஞ்சினை எங்கே வைத்தார் தெரியுமா? மேட்டு வயலில். பள்ளத்து வயலின் கரையில் வைத்திருந்தால் மேட்டுத் தண்ணீர் தானாகக் கீழே இறங்கி, ஒன்பது மாவும் சேர்ந்து வடிந்திருக்கும். தண்ணீர் பாய்ச்சும்போது மேல்மடை முதலில், வடிக்கும்போது கடைமடை முதலில் என்பது இந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பள்ளத்தில் வைக்கச் சிங்காரவேலுவைக் கேட்க வேண்டும். அதோடு, வடிவது முதலில் அவர் வயல்.

"அவனுக்கு நான் டீசல் ஊத்தணுமா?" என்று, மேட்டிலிருந்து பக்கத்து வாய்க்காலில் இறைத்திருக்கிறார். உடைந்திருந்த வாய்க்கால் வழியாக அந்தத் தண்ணீர் முழுவதும் சிங்காரவேலு வயலில் விழுந்து, நிறைந்து, வரப்பைத் தாண்டி மறுபடியும் அண்ணன் வயலுக்கே வந்து சேர்ந்தது. பகலும் ராத்திரியுமாக எஞ்சின் ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்திருக்கிறது. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் கதையை நான் கேட்டிருக்கிறேன். அண்ணன் மூக்கோடு இருபது லிட்டரையும் சேர்த்துப் போக்கிக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்குச் சிங்காரவேலு வந்தார். அண்ணனைப் பார்க்காமல், வாசலில் நின்றபடி என்னைப் பார்த்துப் பேசினார்.

"வாங்கம்மா, எப்ப வந்தீங்க? ஒரு சமாச்சாரம். என் பேருக்கு இருவது லிட்டர் தர்றேங்கிறாங்க. ஃபாரத்துல நெலத்துக்காரங்க கையெழுத்து வேணுமாம். எங்கிட்ட எஞ்சின் இல்ல. ரெண்டும் சேந்தாத்தான் தண்ணி வடியும். அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அண்ணன் தூணைப் பார்த்துச் சொன்னார்: "கையெழுத்தெல்லாம் போட முடியாதுன்னு சொல்லு, கமலா."

இரண்டடி தூரத்தில் நின்றவர்களுக்கு நடுவில் நான் தபால்காரியாக நின்றேன். ஃபாரத்தை வாங்கிப் படித்தேன். எழும்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவளுக்கு ஃபாரம் படிக்கத் தெரியும். இதைப் படித்ததும்தான் அண்ணனின் வயிற்றெரிச்சல் புரிந்தது. 'மேற்படி நிலத்தை மேற்படி நபர் குத்தகைதாரராகச் சாகுபடி செய்து வருகிறார் என்று நில உரிமையாளர் உறுதி கூறுகிறார்' என்று இருந்தது. கீழே கோடு. அந்தக் கோட்டில் அண்ணன் பெயரை எழுதினால் மூன்று வருட வழக்கு முடிந்தது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

"படிச்சுட்டியா? இருவது லிட்டருக்கு நாலு மா. நீ சொன்ன டாக்சிக்காரன் தேவல," என்றார் அண்ணன்.

"நான் அச்சடிச்ச ஃபாரம் இல்லம்மா இது. சர்க்கார் அடிச்சது," என்று சிங்காரவேலு தரையைப் பார்த்தார். பிறகு ஃபாரத்தை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அண்ணனோடு வயலுக்குப் போனேன். ஐந்தாம் நாள். அண்ணன் இறங்கி ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி, அடித்தண்டை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தார். அடுத்துச் சிங்காரவேலுவின் வயலுக்குப் போனார். மூன்று வருடத்தில் அந்த வயலுக்கு அவராகப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அங்கேயும் ஒரு குத்துப் பிடுங்கி முகர்ந்தார். அவர் முகம் மாறியது.

"நல்ல பயிருடி. நம்மளத விட தூர் கட்டியிருக்கான். வேர் இன்னும் வெள்ளையா இருக்கு," என்றார். பள்ளத்துப் பயிர் நன்றாக இருந்துவிட்டதே என்று அவருக்கு வருத்தமா, அது அழுகப் போகிறதே என்று வருத்தமா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கரையேறிக் கையைக் கழுவிக்கொண்டு, "பேனா வச்சிருக்கியா?" என்றார்.

ஏழரைக்கு மூன்று பேரும் ஒரே மாட்டு வண்டியில் மன்னார்குடி போனோம். இரண்டு ஆண்களும் வண்டிக்கு வெளியே எதிரெதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு ஒன்பது கிலோமீட்டரையும் கடந்தார்கள். பங்கில் வரிசை பெரிய குளத்தின் கரை வரை நின்றது. நல்லெண்ணெய் டின், தூக்குவாளி, பால் கேன், கோயில் அண்டா என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுத்து வந்திருந்தார்கள். ஆனாலும் வரிசையை யாரும் முறிக்கவில்லை. பன்னிரண்டேகாலுக்கு எங்கள் முறை வந்தது. ஃபாரத்தைக் கவுண்டரில் வைத்து அண்ணன் கையெழுத்துப் போட்டார். இனிஷியல் மட்டும் போடும் மனிதர், முழுப் பெயரும் தகப்பனார் பெயரும் எழுதினார். கார்பன் நகலைக் கிழித்துச் சிங்காரவேலுவிடம் கொடுத்தார்கள். இருபது லிட்டர், இருபத்தெட்டு ரூபாய், ஆளுக்குப் பாதி.

மூன்று மணிக்குப் பள்ளத்து வயலின் கரையில் எஞ்சின் ஓட ஆரம்பித்தது. சக்கரத்தைச் சுற்றியவர் சிங்காரவேலு. குழாயைப் பிடித்தவர் அண்ணன். இருபது லிட்டரும் தீர்ந்து சனிக்கிழமை காலை எஞ்சின் தானாக நின்றபோது, பள்ளத்தில் ஒரு சாண் இறங்கியிருந்தது. மேட்டில் அதற்கும் மேலே. சேறு பூசிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, பயிர் வெளியே நின்றது. அழகாக இல்லை. ஆனால் நின்றது. அண்ணி வரப்பில் நின்று கும்பிட்டார்.

ஒன்பது மணிக்கு நான் கிளம்பினேன். வண்டியில் ஏறிய பிறகு சிங்காரவேலு ஓடி வந்தார். மடியிலிருந்து கார்பன் நகலை எடுத்தார். இந்தத் தடவை என் வழியாகப் பேசவில்லை.

"அண்ணே, இத நீங்களே வச்சுக்குங்க. அவசரத்துக்குப் போட்டது. நான் கோர்ட்டுல காட்ட மாட்டேன். பயிர் பொழச்சுது, அது போதும்."

அண்ணனுக்கு வந்ததே கோபம்! அந்தச் சத்தத்தில் மாடுகளே இரண்டடி நகர்ந்தன.

"அவசரத்துக்குப் போட்டா என் கையெழுத்து பொய்யாயிடுமா? பத்து வருசமா அந்த நெலத்துல எறங்குறது யாரு, நானா? எடுத்துக்கிட்டுப் போ. உன் வக்கீல்ட்ட குடு. இந்தாளு எனக்குப் பிச்ச போட வந்துட்டான்!"

அண்ணன் சிங்காரவேலுவின் கையிலிருந்த நகலைப் பிடுங்கி, ஈரம் படாமல் நான்காக மடித்து, அவர் சட்டைப் பையில் தாமே வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டார். பிறகு இரண்டு பேரும் உடைந்த வாய்க்காலை யார் முதலில் கட்டுவது என்று சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். வண்டி திரும்பும் வரை அந்தச் சத்தம் கேட்டது.

சென்னையில் நான் ஒரு நாளைக்கு நாற்பது இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். 'சரிபார்க்கப்பட்டது', 'உண்மை நகல்', 'நேரில் கண்டறியப்பட்டது' என்று முத்திரை குத்தி, அதன் கீழே போடுகிறேன். பாதியை நான் படிப்பதுகூட இல்லை. அதில் ஒன்றினால்கூட என் வீட்டில் ஒரு பிடி அரிசி குறைந்ததில்லை. அண்ணன் போட்டது ஒன்று. நான்கு மா நிலத்தை அவருக்கு இல்லாமல் செய்யக்கூடிய கையெழுத்து. அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவரையும் திட்டி அனுப்பினார்.

இப்படி ஒரு முரட்டு மனிதருக்குத் தங்கையாகப் பிறந்ததற்கு, மன்னார்குடி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு, அன்றைக்கு ரொம்பவும் சந்தோஷப்பட்டேன். பஸ் எப்போது வரும் என்று கேட்டதற்கு, டீசல் வந்ததும் வரும் என்றார்கள். அவசரமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.