சொல்லாமல் விட்ட வெந்தயம்

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எங்கள் எதிர்வீட்டு மல்லிகாவுக்கு முழங்கால் வரை முடி. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள், "அக்கா, நீங்க வீட்டுல காய்ச்சுற ஷாம்பு எப்படின்னு சொல்லுங்க" என்றாள். பூந்திக்காய், சீயக்காய், செம்பருத்தி இலை எல்லாம் அளவோடு சொன்னேன். முடியை மென்மையாக்கும் வெந்தயத்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு வந்து பஞ்சாமிர்தம் நீட்டினாள்.

"என்னடி இது?"

"மகனுக்கு உடம்பு தேறுனா முடி தாரேன்னு பழனிக்கு நேர்ந்திருந்தேங்க்கா. சாமிக்குக் குடுக்கிறது பட்டு மாதிரி இருக்கணும்னுதான் உங்ககிட்டக் கேட்டேன். அம்புட்டு அலசியும் வறவறன்னே இருந்துச்சு. என் கைப்பக்குவம் அப்படி!" என்று சிரித்தாள்.

அன்று என் டைரியில், "வெந்தயம் இரண்டு ஸ்பூன். மல்லிகாவிடம் சொல்லவில்லை" என்று எழுதினேன்.

அவளுக்கு எப்போதோ மறுபடியும் இடுப்பு வரை முடி வளர்ந்துவிட்டது. அந்த வரியை இன்னும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை.