மஹ்ரூப் மாஸ்டருக்குப் பொறுமை இருந்ததில்லை

மஹ்ரூப் மாஸ்டர் மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மருமகன் அஸ்மீர் காலையில் தொலைபேசியில் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். கொழும்புப் பக்கம் தெஹிவளையில் மகள் வீட்டில் இருந்த நான் கிடைத்த வாகனத்தில் புறப்பட்டேன். நம் வழக்கத்தில் ஜனாஸா யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நான் கல்முனையைத் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

பள்ளிவாசலுக்கு முன்னால் பெரிய பேனர் ஒன்று கட்டியிருந்தார்கள். அவருடைய படத்துக்குக் கீழே 'பொறுமையின் சிகரம்' என்று போட்டிருந்தது. அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களையும், மைதானத்தில் அவரிடம் ஏச்சு வாங்கியவர்களையும் கேட்கிறேன். இந்த மனிதரிடம் பொறுமையை நீங்கள் எங்கே கண்டீர்கள்? ஒரு விளையாட்டுப் போட்டிக்குப் பிரதம விருந்தினர் வரத் தாமதமானபோது, அவர் இல்லாமலே ஓட்டத்தைத் தொடக்கிவைத்தவர் மாஸ்டர். அதிபர் பதறிப்போய்க் கேட்டதற்கு, "வெயில் புள்ளைகளுக்கும்தான் சேர் அடிக்கிது" என்றார். பிறகு வந்து சேர்ந்த விருந்தினர் எஞ்சியிருந்த கயிறிழுத்தலைப் பார்த்துவிட்டுப் போனார்.

பேனரின் அடியில் இருந்த பெயர்களையும் வாசித்தேன். வருடக்கணக்காக அவரை வாசலில் நிற்கவைத்து, 'பாப்போம் மாஸ்டர்' என்று திருப்பி அனுப்பியவர்களின் பெயர்கள்தான் அவை. எதற்காக அவர் அந்த வாசல்களில் நின்றார் என்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு லண்டனிலிருந்து நளீமும் கனடாவிலிருந்து சிவராசாவும் வந்திருந்தார்கள். நாங்கள் நால்வரும் ஒரு காலத்தில் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தவர்கள். ஊர் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றதும் மாஸ்டர் அஸ்மீரின் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். காலையில் கல்முனைச் சந்தையில் நளீமின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் மீன்காரர் விலையைக் கூட்டினார். "இவன் லண்டனெண்டா மீனும் லண்டன் மீனா?" என்று மாஸ்டர் அவருக்கு ஏசிவிட்டு, விலை பேசத் தெரியாததற்காக நளீமுக்கும் ஏசினார். திருக்கோவிலில் சிவராசா முருகனைக் கும்பிட்டு வரும்வரை எங்கள் செருப்புகளுக்குக் காவல் நின்றார். அங்கேயும் வழியை மறித்து நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அவருடைய வாயிலிருந்து கிடைக்க வேண்டியது கிடைத்தது.

மாலையில் எங்கள் ஊர்க் கடற்கரைக்கு வந்தோம். அங்கே புதிதாக ஒரு பூங்கா வந்திருந்தது. சீமெந்து இருக்கைகள், நிற நிறமாய் விளக்குகள், அலை அடிக்காமல் இருக்கக் கரை நீளத்துக்குக் கருங்கல் அணை. ஊர் முன்னேறிவிட்டது என்று நளீம் சொன்னார். நாங்கள் மூவரும் கல்லில் ஏறி இருந்துகொண்டு, படம் எடுக்க மாஸ்டரையும் கூப்பிட்டோம். அவர் மணலிலேயே நின்றார்.

"நீங்க குந்தியிரிக்கிறது எண்ட மனிசிக்கு வந்த கல்லு" என்றார்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. திரும்பி நடக்கத் தொடங்கினார். நாங்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனோம். பூங்கா முடிகிற இடத்தில் அணையும் முடிந்தது. அதற்கு அப்பால் எங்கள் ஊரின் அடக்கத்தலமான மையவாடி. சுற்றுமதிலைக் கடல் எடுத்திருந்தது. ஓரத்தில் மண் சரிந்து, கபுறுகளின் தலைமாட்டில் நட்ட மீசான் கற்கள் கடல் பக்கம் சாய்ந்து நின்றன. அவற்றுக்கு அடுத்ததாக இருந்தது அவருடைய மனைவி ஸித்தியின் கபுறு. மாஸ்டர் கபுறுக்கு ஸலாம் சொல்லிவிட்டு எங்களிடம் விஷயத்தைச் சொன்னார். அந்தக் கற்கள் மையவாடிக்கென்றுதான் அவர் வாசல் வாசலாக நின்று கேட்டு வாங்கியவை. பூங்காவைத் திறக்க ஒரு பெரிய ஆள் வருகிறார் என்றதும் லொறிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன.

"மையத்துக்கு வோட்டு இல்லயே, அதான் கல்லும் இல்ல" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "எனக்கு வேற ஒண்டும் வேணாம். நான் மௌத்தானா அவக்குப் பக்கத்துல வைக்க மண் இரிக்கணும்" என்றார்.

போன மாரியில் அந்த மண்ணும் கடலோடு போனது. ஸித்தியின் கபுறும் போனது. நான் தொலைபேசியில் பேசியபோது அவர் அழவில்லை. "வெள்ளிக்கிழம போறன். கடலப் பாத்து ஸலாம் சொல்லிப்போட்டு வாறன்" என்றார். அந்தக் குரலில் இருந்தது கோபம் மட்டும்தான்.

அஸ்மீர் என்னை வயல் பக்கம் இருக்கும் புதிய மையவாடிக்குக் கூட்டிப்போனார். துஆ ஓதி முடித்தேன். நல்ல இறுகிய மண். "இஞ்ச கடல் வராது சேர்" என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். கடல் வந்தாலும் பரவாயில்லை, ஸித்தியின் பக்கத்தில்தான் போகவேண்டும் என்று இருந்த மாஸ்டரை, கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் மாலை அந்தப் பூங்காவுக்குப் போனேன். ஊர் பார்க்க வந்த ஒரு குடும்பம் கல்லணையில் இருந்தது. ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கணவன் மரியாதையாகக் கேட்டுத் தொலைபேசியை நீட்டினார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்: "நீங்க குந்தியிரிக்கிறது எங்கட மஹ்ரூப் மாஸ்டர்ர மனிசிக்கு வந்த கல்லு."

முதலில் அந்தப் பெண்தான் எழுந்தார். பிள்ளையையும் தூக்கிக்கொண்டார். கணவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை, இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். படம் எடுக்காமலே தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

மஹ்ரூப் மாஸ்டரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். இதை நான் ஆற விடப்போவதில்லை. நாளை நான் மௌத்தானால், என் படத்துக்குக் கீழே பொறுமை என்று எவரும் எழுதிவிட வேண்டாம்.