இடது பக்க நட்டு

அந்த மெக்கானிக்கை எல்லாரும் "நூறு"ன்னுதான் கூப்பிடுவாங்க. நூத்துக்கு நூறு வாங்கின ஆளுன்னு நினைச்சுடாதீங்க, படிப்புக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். வண்டிக்கடியில எதைக் கழட்டி மாட்டினாலும் சாவியைக் குடுக்கிறப்போ, "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க, இன்னொரு தடவை டைட் பண்ணணும்"பான். அதோட விட்டாப் பரவாயில்லை. வரலைன்னா ஃபோன் பண்ணுவான். எடுக்கலைன்னா ஸ்பேனரைத் தூக்கிட்டு வீட்டு வாசல்ல போய் நிப்பான். ஒரு ஆபீஸ் பார்க்கிங்ல, காருக்கடியில ரெண்டு கால் நீட்டிக்கிட்டிருக்குன்னு வாட்ச்மேன் திருடன் திருடன்னு கத்தி ஊரையே கூட்டிட்டாரு.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒரு ஃபோன் பண்ணி எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா? எவனோ ஒருத்தன் வண்டி நட்டுக்கு நாலு ஃபோன்!" இது அவன் பொண்டாட்டி. அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. வருஷா வருஷம் சட்டை எடுத்துக் குடுக்கிறா, ஒண்ணைக் கூட அவன் பிரிக்கிறதில்லை. அத்தனையும் பீரோவுல மக்குது. கிழிசலைத்தான் மாட்டிக்குவான். ஏன்னு கேட்டா சிரிச்சே மழுப்பிடுவான்.

அவளுக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. தளர்ந்த நட்டு இரும்புல இடிக்கிற மாதிரி அவனுக்கு ஒரு சத்தம் கேட்கும். டொக். தொட்டியில டம்ளர் விழுந்தாலும் அந்த டொக், எவனாவது கதவைச் சாத்தினாலும் அந்த டொக். பஸ்ல போறப்போ ஸ்பீட் பிரேக்கர் வந்தா, மத்தவங்க கம்பியைப் பிடிப்பாங்க. இவன் மூச்சைப் பிடிச்சுக்குவான்.

ஆறு வருஷமா இப்படித்தான். அக்கா புருஷன் போனதுலேர்ந்து.

மாமாவோட பெரிய வண்டிக்குப் பின்னாடி ஸ்வே பார் மாட்டினது இவன்தான். வேற ஒண்ணுமில்லை, பின்சக்கரம் ரெண்டுக்கும் நடுவுல குறுக்க போற வளைஞ்ச இரும்புக் கம்பி. வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயாம இழுத்துப் பிடிக்கும். மாட்டின பத்தாம் நாள், மழையில, மலைப்பாதை வளைவுல வண்டி கவிழ்ந்துடுச்சு. டயர் வழுக்கிடுச்சுன்னு போலீஸ் எழுதி மூடிட்டாங்க. வண்டியைப் போட்டு வெச்சிருந்த இடத்துக்கு இவன் போய்ப் பார்த்தான். வலது பக்க நட்டுல, இவன் வெச்ச மஞ்சள் பெயிண்ட் கோடு அப்படியே இருந்துச்சு. இடது பக்கம் அப்பளமா நொறுங்கிக் கிடந்தது. அங்க நட்டும் இல்லை, கோடும் இல்லை.

அதுக்கப்புறம் அக்கா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டு, அதே மாதிரி ஒரு பழைய வண்டியை வாங்கி, மலை மேல இருக்கிற நோயாளிங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்து கொண்டுபோய் விடுற வேலை பார்க்கிறா. அந்த வண்டியை மட்டும் இவன் தொடவே மாட்டான். கை வலி, ஆள் இல்லை, பார்ட்ஸ் வரலைன்னு ஆயிரம் நொண்டிச்சாக்கு.

ஒரு நாள் காலையில அக்கா ஒரு நீளமான அட்டைப்பெட்டியோட வந்து நின்னா.

"டேய், இதை மாட்டு."

பெட்டியைப் பார்த்ததுமே உள்ள ஸ்வே பார்தான்னு அவனுக்குத் தெரிஞ்சுடுச்சு. "அக்கா, பக்கத்துத் தெருவுல ஒருத்தர் இருக்காரு, என்னை விட..."

"அவரு உனக்கு என்ன, சித்தப்பாவா? ஒவ்வொரு வளைவுலயும் பின்னாடி இருக்கிற கிழங்கட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுதுங்க. நேத்து ஒரு பாட்டிக்குப் பல்செட் கழண்டு தாத்தா மடியில போய் விழுந்துடுச்சு. மாட்டுடா."

வேற வழியில்லை, வண்டியை லிஃப்ட்ல ஏத்தினான். பழைய துரு எல்லாத்தையும் சுரண்டினான். கம்பியைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் புஷ்ஷுக்குள்ள கிரீஸைத் தடவினான். கம்பியோட ரெண்டு முனையையும் ஒரே வரிசை ஓட்டையிலதான் மாட்டியிருக்கான்னு மூணு தடவை எண்ணினான். பிரேக் ஹோஸ்ல கம்பி உரசுதான்னு நடுவுல ரெண்டு விரலை விட்டுப் பார்த்தான். நட்டுங்களைக் கையாலயே பாதி முறுக்கிட்டு, லிஃப்டை இறக்கப் போனான். ஸ்டூல்ல உக்காந்திருந்த அக்கா கேட்டா:

"ஏன்டா இறக்குறே? மேல இருக்கிறப்பவே முறுக்கினா நின்னுக்கிட்டே முடிச்சுடலாமே?"

அவன் கை சுவிட்சு மேலேயே நின்னுடுச்சு. "கூடாதுக்கா. சக்கரம் தொங்குறப்போ முறுக்கினா, வண்டி தரையில உக்காந்ததும் ரப்பர் திருகிக்கும். ஓட ஓட நட்டு தளர்ந்துடும். வண்டியோட வெயிட்டு சக்கரத்துல இருக்கணும், அப்பத்தான் முறுக்கணும்."

"ஓ"ன்னா அக்கா.

வண்டியை இறக்கி, தரையில மல்லாக்கப் படுத்து, இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் சத்தம் குடுக்கிற டார்க் ரெஞ்ச், கிளிக்குனு சொல்ற வரைக்கும் முறுக்கினான். நட்டுலேர்ந்து போல்ட் வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு இழுத்தான். நட்டு கொஞ்சம் அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக்குடுத்துடும்.

சாவியை நீட்டினான். "நூறு கிலோமீட்டர்..."

"தெரியும். ஏறு, இப்பவே ஓட்டிடுவோம். நாளைக்கு நாளன்னைக்குங்கிற பேச்சே வேணாம்."

அவன் பின்சீட்டுல உக்காந்தான். அக்கா கியரைப் போட்டா. போற வழியில அவ வீட்டைத் தாண்டினாங்க. ஹால் ஜன்னல்ல ஒரு கொசுவலை கிழிஞ்சு தொங்குச்சு. ஆறு வருஷமா தொங்குது. எத்தனையோ பேர் சொல்லியும் அவ கழட்டினதில்லை.

மலைப்பாதை தொடங்குச்சு. ஒவ்வொரு வளைவுலயும் அவன் காதைத் தரைப்பக்கம் சாய்ச்சான். வண்டி சாயாமப் போச்சு, அழகா போச்சு. அதைத்தான் அவனால தாங்க முடியலை. மாமா வண்டி கவிழ்ந்த அந்த வளைவு வந்து, தாண்டி, கண்ணாடியில சின்னதாகிப் போனதுக்கப்புறம் சொன்னான்.

"அக்கா, மாமா வண்டியை நான் மேலேயே முறுக்கிட்டேன்."

அக்கா ரோட்டைப் பார்த்தே ஓட்டினா.

"அன்னைக்கு எங்க பாப்பாவுக்கு ஸ்கூல்ல நாடகம். தரையெல்லாம் மழைத்தண்ணி. நான் புதுச்சட்டை போட்டிருந்தேன். படுத்தா நாசமாயிடும்னு... பத்து நிமிஷ வேலைக்கா. நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க மாமா, அப்ப சரி பண்ணிடலாம்னு அனுப்பிட்டேன். அவரு வரவே இல்லை."

அக்கா அடுத்த வளைவுக்குக் கியரைக் குறைச்சா.

"கிளம்பினாருடா," அக்கா சொன்னா. "ஞாயித்துக்கிழமை சாவியை எடுத்துட்டாரு, மச்சான்கிட்ட காட்டிட்டு வந்துடறேன்னு. லீவு நாள்ல கூட கராஜான்னு பிடிச்சுக் கத்தினேன். கொசுவலையை மாட்டிக் குடுத்துட்டு எங்க வேணா போய்த் தொலைங்கன்னேன். மாட்டி முடிக்கிறதுக்குள்ள இருட்டிடுச்சு. திங்கக்கிழமை மலைக்குப் போனாரு."



மீட்டர் நூறைத் தொட்டதும், சமமான ஒரு இடமாப் பார்த்து அக்கா ஓரங்கட்டினா. பெரிய வண்டி, அடியில நுழைஞ்சுடலாம். வலது பக்கம் ரெஞ்சைப் போட்டான். அசையலை, கிளிக். இடது பக்கம் போட்டான். கால் சுத்து போச்சு, அப்புறம்தான் கிளிக். மஞ்சள் கோடு ரெண்டா பிரிஞ்சு நின்னுச்சு.

அக்கா குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தா. "தளர்ந்திருக்கா?"

"புது ரப்பர்க்கா, அமுங்கியிருக்கு. சரியா மாட்டினாலும் இவ்வளவு போகும். அதுக்குத்தான் இந்த நூறு."

"அன்னைக்கு?"

"தெரியலக்கா. இதை விட ஜாஸ்தியாத்தான் தளர்ந்திருக்கும். அதனாலதான் கவிழ்ந்துதா, மழையாலயான்னு... இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

பழைய கோட்டைத் துடைச்சுட்டு பிரஷை எடுத்தான். பெயிண்ட் அவன் மூஞ்சியிலயே சொட்டுச்சு. "தள்ளு, நீ கிழிச்சது போதும்"னு அக்கா அந்தப் புழுதியில அப்படியே படுத்து உள்ளே வந்தா. நல்ல துணி போட்டிருந்தா. ரெண்டு பேரும் தோளோட தோள் இடிக்க மல்லாக்கக் கிடந்தாங்க. அவ நாக்கைக் கடிச்சுக்கிட்டு, நட்டு மேல ஒரு கோணல் கோடு இழுத்தா.

திரும்பி வர்றப்போ அவன் முன்சீட்டுல உக்காந்தான். ஊருக்குள்ள நுழையிற இடத்துல ஸ்பீட் பிரேக்கர். முன்சக்கரம் ஏறி இறங்குச்சு. பின்சக்கரமும் ஏறி இறங்குச்சு.

"கேட்டுச்சா?"ன்னா அக்கா.

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சிருந்த விரலெல்லாம் வெளுத்திருந்துச்சு. ஆறு வருஷமா அந்த டொக் தனக்கு மட்டும்தான் கேட்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தான்.

"கேட்டுச்சுக்கா. ஆனா வண்டியில ஒண்ணுமில்லை."

"தெரியும். பேசாம உக்காரு"ன்னுட்டு அவ அடுத்த ஸ்பீட் பிரேக்கருக்கு வேகத்தைக் குறைச்சா.