பெட்டிக்குள் இரண்டு கைகள்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு இருந்த காலத்தில் நடந்தது இது. பகலில் எனக்கு ஒரு ஆஸ்பத்திரி லோன்றியில் துணி வெளுக்கிற வேலை. கிழமையில் இரண்டு பின்னேரம் மட்டும் பஸ் எடுத்து வால்தம்ஸ்டோவுக்குப் போவேன். அங்கே கவுன்சில் நடத்திய சிற்ப வகுப்பு ஒன்று இருந்தது. பள்ளிக்கூட நாட்களிலேயே களிமண்ணில் முகங்கள் செய்யும் பழக்கம் எனக்கு.

முதல் வருடம் அந்த வகுப்பில் நான்தான் கெட்டிக்காரி. யாராவது புதிதாய் வந்தால், வாத்தியார் அவர்களை நேரே நான் செய்த முகங்களுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்று, அவள் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவள் பிரேசிலில் இருந்து வந்தவள். என் வயதுதான் இருக்கும். ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினாள். அவர்களுடைய நாட்டில் இராணுவ ஆட்சி நடந்தபோது, உடம்பு முழுக்கச் சேறு பூசிக்கொண்டு சந்தைக்கு நடுவில் சிலை மாதிரி நின்றாளாம்; பொலிஸ் துரத்தியதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்கள் ஊரில் பொலிஸும் ஆமியும் செய்ததெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவளைப்போல அதைக் கதையாக்கிச் சிரிக்க எனக்கு வராது.

அவளுக்கு ஒழுங்காக ஒரு மூக்குக்கூடச் செய்ய வராது. ஒருநாள் தன்னுடைய ஒரு காலுக்குச் சிலை வார்க்கிற பிளாஸ்டரால் பெரிய சப்பாத்துச் செய்து, அதோடேயே நொண்டி நொண்டி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நடந்தாள். வகுப்பே அவளுக்குப் பின்னால் போனது. இதுதான் கலை என்று வாத்தியார் கண் கலங்கி நின்றார். அந்த வாரம் நான் முடித்திருந்த முகத்தை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னைக் கூட்டிப்போக வந்த என் மனுசனும் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை நான் அவரோடு பேசவில்லை.

கொஞ்ச மாதத்தில் ஆற்றங்கரையில் ஒரு பழைய கிடங்கில் அவளுக்கு நிகழ்ச்சி செய்ய இடம் கிடைத்தது. உதவிக்கு வகுப்பில் இருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெடியன்களைக் கூப்பிட்டாள். பிளாஸ்டர் கட்டிபடாமல் கரைக்கிறதில் என்னை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை. எனக்கு வெறும் அழைப்பு மட்டைதான். போகக்கூடாது என்று நினைத்தேன். ஆனால் அது சரிவராமல் போவதைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை, உண்மையைச் சொன்னால், அதைவிடப் பெரிதாக இருந்தது. மனுசனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கிடங்கு நிறைய ஆட்கள். நடுவில் ஒரு கதிரையில் அவள். முன்னால் பெரிய மரப்பெட்டி. அதற்குள் இரண்டு கைகளையும் முழங்கை வரைக்கும் விட்டுக்கொண்டு இருந்தாள். பெடியன்கள் வாளி வாளியாகப் பிளாஸ்டரை ஊற்றினார்கள். அது இறுகும்வரை ஆடாமல் இருந்து, பிறகு பெட்டியையும் இழுத்துக்கொண்டு எழும்பி நடக்கவேண்டும். அதுதான் நிகழ்ச்சி.

இவ்வளவு பிளாஸ்டரா என்று எனக்குத் திக்கென்றது. பிளாஸ்டர் இறுகும்போது சுடும். மெல்லிய பூச்சென்றால் இளஞ்சூடு. மொத்தமாக ஊற்றினால் கை வைக்க ஏலாது. வாத்தியார் அதைச் சொல்லித் தந்தது அவள் வகுப்புக்கு வர முந்தி.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய நெற்றி வேர்த்தது. அந்தக் கிடங்கின் குளிரில் நாங்களெல்லாம் கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்றோம். பிறகு உதடு நடுங்கியது. தொண்டைக்குள் இருந்து ஒரு முனகல் வந்தது. சனம் மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்த்தது. கமராக்கள் வெளிச்சம் அடித்தன.

"நல்லா நடிக்கிறாள், என்ன?" என்றார் மனுசன்.

"இல்லையப்பா, சுடுது அவளுக்கு."

"அப்ப போய்ச் சொல்லுமன்."

போக எனக்குக் கால் வரவில்லை. நான் பிழையாக விளங்கியிருந்தால்? பொறாமையில் வந்து குழப்பிவிட்டாள் என்றுதான் வகுப்பு முழுக்கச் சொல்லும். எனக்கே என்மேல் அந்தச் சந்தேகம் இருந்தது. அதற்குள் பெட்டியின் மேலே மெல்லிய ஆவி எழும்புவது கண்ணில் பட்டது. நான் ஓடிவிட்டேன்.

பிளாஸ்டர்மேல் கை வைத்தவுடனே எடுத்துவிட்டேன். அவளுடைய காதுக்குள், "உடைக்கட்டா?" என்று கேட்டேன்.

"வேண்டாம், இன்னும் கொஞ்ச நேரம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் கேட்கவில்லை. "இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ!" என்று கத்தினேன். மனுசன் கார் திருத்துகிற கராஜில் வேலை செய்தவர். ஒரு கம்பியை இடுக்கில் கொடுத்துப் பெட்டிப் பலகையைப் பிடுங்கினார். நான் அங்கே கிடந்த சுத்தியலால் பிளாஸ்டரை ஓரத்தில் இருந்து உடைத்தேன். பச்சைத் தண்ணீரை வாளியோடு ஊற்றினேன். அவள் கைகள் வெளியில் வந்தபோது சனம் ஆரவாரமாகக் கைதட்டியது. எல்லாம் நிகழ்ச்சியின் பகுதி என்று நினைத்துவிட்டார்கள்!

இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் விரல்கள் தப்பியிராது என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

அடுத்த நாள் சோறும் பருப்பும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கையிலும் கட்டு. நான்தான் கரண்டியால் ஊட்டினேன். திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ உடைக்கும்போது யாராவது படம் எடுத்தார்களா?"

"உனக்குப் பைத்தியமா? விரல் போயிருக்கும்!"

"தெரியும். பயந்து செத்துவிட்டேன். நீ வந்தது எனக்குப் பெரிய நிம்மதி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனால் நல்லாய் இருந்தது, இல்லையா?" என்றாள்.

நல்லாய்த்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. அவ்வளவு நாளும் வாத்தியாரின் பாராட்டுக்கும் சனத்தின் கைதட்டலுக்கும் பொறாமைப்பட்டேன் என்று நினைத்திருந்தேன். அது இல்லை. தான் செய்வது பெரிய காரியம் என்று அவள் வெட்கமில்லாமல் நம்பினாள். நானோ என் சொந்தக்காரருக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவதாகப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தவள்.

கை ஆறியபிறகு அவள் லண்டனைவிட்டு எங்கேயோ போனாள். தழும்போடு இருந்த அந்தக் கைகளை அச்செடுத்து வார்த்தே நிறையச் சிற்பங்கள் செய்ததாகக் கேள்வி. நான் இன்றும் வீட்டில் முகங்கள் செய்கிறேன்; ஒருவருக்கும் ஒளிக்காமல், வரவேற்பறையிலேயே வைக்கிறேன். யாரையாவது பார்த்து வயிறு எரியும்போது, அவர்களிடம் இருப்பது எனக்கு வேணுமா என்று கேட்பதை விட்டுவிட்டேன். அதற்காக அவர்கள் தாங்கியதை நான் தாங்குவேனா என்றுதான் இப்போது என்னையே கேட்கிறேன்.