கலா சொன்ன பொய்

பழனிசெட்டிபட்டியில் என் வீட்டு மாடியில் பெண்களுக்கு மண்பாண்டம் செய்யச் சொல்லிக்கொடுத்து வந்தேன். என்னிடம் கற்றவர்களிலேயே கைத்திறமை அதிகம் உள்ளவள் கலா. நாளடைவில் அவளும் என்னோடு சேர்ந்து வகுப்பெடுத்தாள். மஞ்சள் காமாலை வந்து நான் படுத்தபோது, வகுப்பை அவளை நம்பித்தான் விட்டேன்.

உடம்பு தேறி வகுப்பைத் திறந்தால் ஒருவரும் வரவில்லை. எஸ்.டி.டி. பூத் வாசலில் பார்த்த மாணவி ராணி, "டீச்சர், உங்களுக்குக் கை நடுக்கமாமே? இனிமே கிளாஸ் எடுக்க மாட்டீகன்னு கலாக்கா சொன்னாக. இப்ப அவுக வீட்லதான் படிக்கிறோம்" என்றாள்.

சண்டை போடத்தான் நேரே கலா வீட்டுக்குப் போனேன். அங்கே ஒரு பெண்ணின் சக்கரத்தில் மண் தள்ளாடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "முழங்கைய இடுப்போட ஒட்டி வையி ஆத்தா" என்று அவள் கைமேல் என் கையை வைத்தேன். மண் நிலைக்கு வந்தது. என் கை நடுங்கவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். கலா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுவாரமே எல்லோரும் திரும்பி வந்தார்கள். கலாவும் ஒருநாள் வாசலில் வந்து நின்று, "மன்னிச்சிருங்கக்கா" என்றாள். நான் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மறந்திருப்பேன். எனக்கு இனிமேல் சொல்லிக்கொடுக்க வராது என்று ஊருக்குச் சொன்னவள், நானே சொல்லிக்கொடுத்து வளர்த்தவள் அல்லவா?