சன்னலை மூடிய சுவர்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு நடு அறைக்கு ஒரே ஒரு சன்னல்தான், மேற்கே பார்த்தது. அந்தப் பக்கத்து மனை காலியாகக் கிடந்ததால் காற்றுக்குக் குறைவில்லை. கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. சாயங்காலம் வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அந்தச் சன்னலடியில் போய் உட்காருவேன். மகள் படிப்பதும் அந்த அறையில்தான், நாங்கள் மூன்று பேரும் படுப்பதும் அங்கேதான். முன்னறை தெருச் சாக்கடையை ஒட்டியது. நாற்றத்திலும் கொசுவிலும் அங்கே தலை சாய்க்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வாழைத்தார் வியாபாரி அந்த மனையை வாங்கினார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நல்ல மனுஷன். வேலை ஆரம்பித்த அன்றைக்கு எங்களுக்கு ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினார். ஆனால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டக் கட்டிய கயிறு எங்கள் சுவரை உரசிக்கொண்டு ஓடியது. பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருந்த என் கணவர், யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சப்படுகிறவர், அன்றைக்கு அவரிடம் போய் நின்றார்.

"அண்ணாச்சி, ரெண்டு சுவருக்கும் நடுவுல இடம் விடணும்னு சட்டம் இருக்குல்லா. எங்களுக்கு அந்த ஒரு சன்னல்தான்."

"இல்லைன்னு சொல்லலை சார்வாள். மனையே ஒடுக்கம். அதுல இடம் விட்டா நான் எங்கன படுக்க?" என்றவர், தயங்கித் தயங்கி, "உங்க அப்பா கெட்டும்போது இடம் விட்டாகளா?" என்று கேட்டார்.

மாமனார் விடவில்லை. எல்லையில்தான் சுவரை எழுப்பியிருந்தார். இவர் திரும்பி வந்துவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை. கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் ஆபீசில் போய்ச் சொன்னேன். ஒரு இஞ்சினியர் வந்தார், சின்ன வயசு. டேப் பிடித்து இரண்டு பக்கமும் அளந்தார்.

"பிளான்ல இடம் விட்டுத்தான் காட்டியிருக்காரு, கெட்டுததுதான் வேற மாதிரி. நோட்டீஸ் கொடுக்கலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அவர் எங்கள் சுவரைத் தட்டிக் காட்டினார். "ஆனா இதுவும் எல்லையில நிக்கி. எல்லைச் சுவர்ல சன்னலே வைக்கக் கூடாது. அவருக்குக் கொடுத்தா உங்களுக்கும் கொடுக்கணும். கொடுக்கட்டுமாம்மா?"

"வேண்டாம் சார்" என்றார் என் கணவர்.

"இந்தத் தெருவுல ஒரு வீடு தேறாது" என்று இஞ்சினியர் டேப்பைச் சுருட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி, "வெளிச்சத்துக்கும் காத்துக்குந்தான் இதெல்லாம் எழுதி வச்சிருக்கு. சும்மா ஒண்ணும் எழுதலை" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சுவர் ஏறியது. கொத்தனார் வேலை செய்வதைச் சன்னலுக்குள்ளிருந்தே பார்த்தோம். முதலில் ஆள் முழுசாகத் தெரிந்தார், பிறகு கையும் கரண்டியும் மட்டும். பிறகு செங்கல்தான். சன்னல் கதவைத் திறக்கப் போனால் உடனே செங்கலில் முட்டியது. ஆணி அடித்து மூடிவிட்டோம். பகலிலும் டியூப்லைட் எரிந்தது. ஐப்பசி மழையில் இரண்டு சுவருக்கும் நடுவே இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் பக்கம் ஊறியது. சுண்ணாம்பு உரிந்து விழுந்தது. மடித்து வைத்த போர்வையில்கூடப் பூசணம் பூத்தது.

அடுத்த வருஷம் இவருக்கு இருமல் பிடித்தது. ஈரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டே இருந்தார். சளியில் ரத்தம் கண்ட பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டி.பி. என்று சொன்னார்கள். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல எங்க படுக்கீங்க? கூட யாரு படுக்கா?" என்று கேட்டார். நான் சொன்னேன். "அந்த ரூம்ல காத்து வருமா?" என்றார். அதற்கும் சொன்னேன். "பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கும் இருந்தது, அப்பாவுக்கு இருந்ததைவிடக் கூடுதலாகவே.

இவர் மாத்திரையில் தேறிவிட்டார். அவளுக்கு ஊசியும் போட வேண்டியிருந்தது. நோய் இறங்கிக்கொண்டு வரும்போதே காதுக்குள் ஏதோ இரைகிறது என்றாள். பலவீனமாக இருக்கும் என்று சொன்னேன். ஒருநாள் அடுப்படியிலிருந்து கூப்பிடக் கூப்பிட அவள் புத்தகத்திலிருந்து நிமிரவே இல்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு, "எப்பம்மா வந்தே?" என்றாள்.

ஊசியை நிறுத்தினார்கள். "இந்த ஊசியில சில பேருக்கு இப்படி ஆகும். போன காது போனதுதான்" என்றார் டாக்டரம்மா. பரீட்சை எழுதினாள், பாஸும் ஆனாள். காலேஜில் சேர்ந்து ஒரு மாதம் போனாள். வாத்தியார் சொல்வது எதுவும் கேட்கவில்லை, கூட இருக்கிற பிள்ளைகள் சிரிப்பது மட்டும் தெரிகிறது என்று சொல்லி நின்றுவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

எங்களுக்கு நோய் என்று தெரிந்ததும் வியாபாரி வந்து முன்னறையில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "சுவரை இடிச்சா மாடி நிக்காது தங்கச்சி" என்றார். அழுதுவிட்டார். அவர் வீட்டிலும் அந்தச் சுவரை ஒட்டிய அறை இருட்டுத்தான். அங்கே அவருடைய மருமகள் கைப்பிள்ளையோடு படுத்திருந்தாள்.

வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணினோம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி பார்க்க வந்தது. அந்தப் பெண் நடு அறையில் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பகல்லயும் லைட் போடணுமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"ஆமாம்மா. இங்கன யாரையும் படுக்க வைக்காதீங்க."

அவர்கள் காப்பியை மரியாதைக்குக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் வந்தவர்களிடமும் இவர் அதையேதான் சொன்னார். பிறகு யாரும் வரவில்லை. வேறு வீட்டுக்குப் போக எங்களுக்கு வகையும் இல்லை. மூன்று பாய்களையும் முன்னறைக்கு மாற்றிக்கொண்டு, அந்த வீட்டிலேயே இருந்தோம்.